மருந்தும் மூன்று நாள்தானா?

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. காய்ச்சலுக்கும் சளிக்கும் இந்தப் பழமொழி பொருந்தலாம். ஆனால், ஆயுள் முழுவதும் ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டியவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டத்து லயங்களிலும் இருக்கிறார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பங்களிலும் இருக்கிறார்கள்.

இனிப்பு நீர்க்காரரும் இரத்தக் கொதிப்புக்காரரும் தங்கள் மாத்திரையைச் சாப்பாட்டு மேசை மீதே வைத்துக் கொள்கிறார்கள். கேட்பவர்களுக்கு வெட்கமில்லாமல் பதிலும் சொல்கிறார்கள். இன்னொரு சாரார் மட்டும் தங்கள் மாத்திரையைத் துணி அலமாரிக்குள்ளும் பழைய மைலோ டின்னுக்குள்ளும் ஒளித்து வைத்து, யாரும் பார்க்காத நேரத்தில் விழுங்குகிறார்கள். அவர்கள்தான் எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்கிறவர்கள்.

சம்பளம், வீடு, பள்ளிக்கூடம் என்று எழுத வேண்டிய இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். காரணம் இருக்கிறது. இந்த நோய்க்கு மருந்து இல்லாத காலம் போய்விட்டது. மருந்து இருக்கிறது, அரசாங்கமே கொடுக்கிறது. அப்படியிருந்தும் சிலர் பாதியில் நிறுத்தி விடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "மாத்திரை நமக்கு ஒத்துக்கலீங்க."

ஒத்துக்கொள்ளாத மாத்திரையை என்ன செய்வது என்பதையே இன்று நாம் பேசப் போகிறோம்.

யாரால் வந்தது என்று பஞ்சாயத்து வைப்பது நம் நோக்கமல்ல. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி 1986-இல் கண்டறியப்பட்டார். தொடக்க காலத்தில், போதை மருந்து ஊசியைப் பலர் பகிர்ந்து கொண்டதால்தான் பெரும்பாலும் பரவியது. ஊசி பிடித்த கணவனிடமிருந்து ஒன்றும் அறியாத மனைவிக்குப் போனது. இப்போது பெரும்பாலும் உடலுறவு வழியாகவே பரவுகிறது. எப்படி வந்திருந்தாலும் வந்தவர் நம்மவர்; அவர் பிழைக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

கொய்னா விழுங்கிய பாட்டன்மார்

கசப்பான மருந்து தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. காடழித்துக் கித்தா நட்ட காலத்தில் மலேரியா காய்ச்சல் நம் பாட்டன் பாட்டிமாரைக் கொத்துக் கொத்தாகக் கொண்டு போனது. அப்போது பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்தி வைத்துக் கொய்னா கொடுத்தார்கள். அது வாயெல்லாம் கசக்கும், காதுக்குள் 'கொய்ங்' என்று இரையும், வயிற்றைப் புரட்டும். பார்ப்பவர் திரும்பியதும் துப்பி விட்டவர்கள் உண்டு. முகத்தைச் சுளித்துக் கொண்டே விழுங்கியவர்களும் உண்டு.

கொய்னாவுக்கும் இன்றைய எச்.ஐ.வி. மாத்திரைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அன்று கொய்னாவை விட்டால் வேறு மருந்து கிடையாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதைத்தான் விழுங்க வேண்டும். இன்று அப்படியல்ல. ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றிக் கொடுக்க வேறு மாத்திரைகள் இருக்கின்றன. மாற்றிக் கேட்பதற்கு நமக்கு வாய் வேண்டும், அவ்வளவுதான்.

லாலான் புல்லும் கிருமியும்

ஏன் ஒரு நாள்கூட விடக்கூடாது என்கிறார்கள்? இதைத் தோட்டத்துப் பாட்டாளிக்கு விளக்குவது சுலபம்.

லாலான் புல்லை எல்லாரும் அறிவோம். மேலே வெட்டினால் தரை சுத்தமாகத் தெரியும். ஆனால் வேர் மண்ணுக்குள் ஓடிக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், மறுபடியும் தலை நீட்டும். எச்.ஐ.வி. கிருமியும் அப்படித்தான். மாத்திரை போடும்போது இரத்தத்தில் உள்ள கிருமி அடங்கி விடும். உடம்பு தேறும், பசி எடுக்கும், எடை கூடும். "நமக்குக் குணமாயிடுச்சு" என்று தோன்றும். ஆனால், உடம்பின் சில உயிரணுக்களுக்குள் கிருமி உறங்கிக் கொண்டிருக்கும். மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே பெரும்பாலோருக்கு மறுபடியும் பெருகத் தொடங்கி விடும்.

இதைவிட மோசமானது விட்டு விட்டுப் போடுவது. மருந்து அடிக்கும் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தும் சாகாமல் தப்பிய புல், அந்த மருந்துக்கே மசியாத புல்லாகிப் பெருகும். மலாய்க்காரர்கள் சம்பாவ் என்று சொல்லும் புல், கிளைஃபோசேட் மருந்துக்கு மசியாமல் போனது நம் நாட்டில் 1997-இல் கண்டறியப்பட்டது. உடம்பில் மருந்து குறைவாக இருக்கும் நாட்களில் எச்.ஐ.வி. கிருமியும் இதே பாடத்தைப் படித்துக் கொள்கிறது. பிறகு அதே மாத்திரையை எத்தனை முறை விழுங்கினாலும் பயன் இராது. அதனால்தான் ஒரே மருந்தை நம்பாமல், பெரும்பாலும் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 1996 முதல் உலகம் முழுவதும் உயிர்களைக் காப்பாற்றி வருவது இந்தக் கூட்டு மருந்துதான்.

மருந்து நம் கைக்கு வந்த கதை

கூட்டு மருந்து வந்த புதிதில் அதன் விலையை ஏழை நெருங்க முடியவில்லை. மருந்துக் கம்பெனிகளிடம் காப்புரிமை இருந்தது, வைத்ததே விலை. 2003 அக்டோபரில் மலேசிய அரசாங்கம், காப்புரிமைச் சட்டம் தனக்குக் கொடுத்துள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தியது. இந்தியாவின் சிப்லா கம்பெனி தயாரித்த மலிவு விலை மருந்துகளை அரசாங்க மருத்துவமனைகளுக்காக இரண்டு ஆண்டுகள் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தது. ஒரு நோயாளிக்கு மாதம் 315 அமெரிக்க டாலராக இருந்த சிகிச்சைச் செலவு 58 டாலருக்கு இறங்கியது. 2006 முதல், முதல்நிலைக் கூட்டு மருந்தைக் குடிமக்கள் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசமாகப் பெற்று வருகிறார்கள்.

இவ்வளவு போராடி நம் கைக்கு வந்த மருந்தை மைலோ டின்னுக்குள் தூங்க விடலாமா?

எந்த மாத்திரை என்ன செய்யும்?

பக்க விளைவே இல்லை என்று சொல்லி நாம் யாரையும் ஏமாற்றப் போவதில்லை. அது உண்டு. ஆனால் எது சில நாளில் போகும், எது போகாது, எது ஆபத்து என்று தெரிந்து வைத்திருந்தால் பயம் பாதியாகக் குறைந்து விடும்.

பல ஆண்டுகளாக நம் நாட்டில் அதிகம் கொடுக்கப்பட்ட மருந்து எஃபாவிரென்ஸ். இதைப் போட்டால் தலை கிறுகிறுக்கும். குடித்தவன் போல நடை தடுமாறும். விசித்திரமான கனவுகள் வரும். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அரிவாளைத் தூக்குகிறவருக்கும், லாரி, டிராக்டர் ஓட்டுகிறவருக்கும் இது விளையாட்டல்ல. அதனால்தான் இதைப் படுக்கப் போகும் நேரத்தில் வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார்கள். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிட்ட கையோடு போட்டால் மருந்து கூடுதலாக இரத்தத்தில் ஏறி, கிறுகிறுப்பும் கூடும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் இது அடங்கி விடும். அடங்காவிட்டாலும், மனம் சோர்ந்து வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலும், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை மாற்றுவார்கள்.

சிடோவுடின் என்பது பழைய மருந்து. இது சிலருக்கு இரத்தத்தைக் குறைக்கும். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும், முகம் வெளிறும், நகம் கறுக்கும். "வேலைக் களைப்புதான்" என்று விட்டு விடாமல் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும்.

நெவிராபின் போடுகிறவர்கள் முதல் சில வாரங்கள் தோலைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பாதி அளவு கொடுப்பதும் இதற்காகவே. இலேசான அரிப்பு என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள். தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் கொப்புளம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தைத் தொடும். அதனால்தான் இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்கிறார்கள். "சும்மா சும்மா இரத்தம் எடுக்கிறாங்க" என்று குறைப்பட வேண்டாம். நம் நன்மைக்குத்தான் எடுக்கிறார்கள்.

இன்று உலக சுகாதார நிறுவனம் முதலிடம் கொடுப்பது டோலுடெக்ராவிர் என்ற மருந்துக்கு. தொல்லை குறைவு. சிலருக்குத் தலைவலி, தூக்கமின்மை, எடை கூடுதல் வரும். இரும்புச் சத்து மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து ஆகியவை இதன் வேலையைக் கெடுக்கும். எச்.ஐ.வி. மாத்திரையை முதலில் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்தே அவற்றைச் சாப்பிடுவது நல்லது. காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

கன்னம் ஒட்டிப் போய், கால் மரத்துப் போனவர்களைச் சிலர் பார்த்திருக்கலாம். ஸ்டாவுடின் என்ற பழைய மருந்தின் வேலை அது. அந்த மருந்தை ஒழித்துக் கட்டும்படி 2009-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லி விட்டது. அவர்களைப் பார்த்துப் பயந்து இன்றைய மாத்திரையை மறுக்க வேண்டாம்.

எந்த மாத்திரை போட்டாலும், கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போனாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ நாள் கடத்தக் கூடாது.

முறையிடுவோம், ஓடிப் போக வேண்டாம்

இங்கேதான் நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் இப்படிப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக் கொள்வோம்.

"அக்கா, அந்த மாத்திரையப் போட்டா விடியக்காலையில எந்திரிக்கவே முடியல. தல சுத்துது. ரெண்டு வாரமா போடல."

"டாக்டர்கிட்ட சொன்னியா, தம்பி?"

"எப்படிக்கா சொல்றது? ஏசுவாங்க. அதான் கிளினிக்குக்கே போவல."

தம்பி செய்தது என்ன? மாத்திரையையும் விட்டார், டாக்டரையும் விட்டார். கூலியில் ஒரு வெள்ளி குறைந்தால் கிராணியிடம் கேட்கிறோம். கிராணி சரி செய்யாவிட்டால் சங்கத்துக்குப் போகிறோம். கூலி குறைந்தது என்பதற்காக யாரும் சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டு ஓடிப் போவதில்லை. மாத்திரை விஷயத்திலும் அதே வழிதான். தலை சுற்றுகிறதா? முறையிடுங்கள். வாந்தி வருகிறதா? முறையிடுங்கள். டாக்டர் நேரத்தை மாற்றலாம், வாந்திக்கு வேறு மருந்து கொடுக்கலாம், மாத்திரையையே மாற்றலாம். ஆனால் நாம் வாய் திறந்தால்தான் அவருக்குத் தெரியும்.

இரண்டு வாரம் போடாமல் விட்டிருந்தாலும் அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒழுங்காகப் போட்டதாகப் பொய் சொன்னால், மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் தவறாக முடிவு கட்ட நேரும். ஒரு முறை ஏச்சு வாங்கினால் வாங்கிக் கொள்வோம். நம் வீட்டுப் பெரியவர்கள் ஏசாத ஏச்சா?

ஒரு யோசனை. எந்தத் தேதியில், மாத்திரை போட்ட எவ்வளவு நேரத்தில், என்ன தொல்லை வந்தது என்று ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுதலாம். நாட்காட்டியில் கோடாவது போடலாம். டாக்டர் முன் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து "ஒண்ணுமில்லிங்க" என்று சொல்லி விட்டு வருவது நம்மவர்களின் வழக்கம். கொப்பி இருந்தால் அது பேசும்.

வீட்டிலும் தோட்டத்திலும்

தினமும் ஒரே நேரம் என்பதுதான் வெற்றியின் இரகசியம். கைப்பேசியில் மணி வைக்கலாம். தினமும் பார்க்கும் தொலைக்காட்சிச் செய்தியோடு சேர்த்துக் கொள்ளலாம். மறந்து விட்டால், நினைவு வந்ததும் போட்டுக் கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கி விட்டிருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

"இன்னைக்குத் தண்ணி போட்டிருக்கேன், மாத்திரை வேணாம்" என்று சிலர் தாங்களாகவே சட்டம் போட்டுக் கொள்கிறார்கள். குடியைக் குறைப்பது நல்லது. விடுவது மிக நல்லது. அதற்காகக் குடித்த நாளில் மாத்திரையை விடுவது சரியல்ல. மாத்திரையை விடாதீர்கள், சம்சுவை விடுங்கள்.

தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுக்கப் பல நாள் விரதம் இருப்போம். மாத்திரையை நிறுத்தச் சொல்லி எந்த முருகனும் கேட்டதில்லை. சாப்பாட்டு நேரம் மாறுகிறது என்றால், விரதம் தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் நேரத்தைக் கேட்டுக் கொள்ளுங்கள். நாட்டு மருந்து, சீன மருந்து சாப்பிடுகிறவர்களும் அதைச் சொல்லி விடுங்கள். ஒன்றோடு ஒன்று மோதும் மருந்துகள் உண்டு.

நிபோங் திபாலிலிருந்தும் தாசேக் குளுகோரிலிருந்தும் பாலத்தையோ ஃபெரியையோ பிடித்து ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். அதை நாம் மறுக்கவில்லை. உடம்பு நிலைப்பட்டு, கிருமி அடங்கி விட்டால், வீட்டுக்கு அருகில் உள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் தொடர முடியுமா என்று கேளுங்கள். அந்த வசதி உள்ள கிளினிக்குகள் இருக்கின்றன. சில மாத மருந்தைச் சேர்த்து வாங்க முடியுமா என்றும் கேளுங்கள். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே போய் வாங்கி விடுவது நல்லது.

வேலையிடத்தில் தெரிந்து விடுமோ என்ற பயமும் பலரைத் தடுக்கிறது. கிராணியிடமோ மண்டோரிடமோ நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. லீவுச் சீட்டில் நோயின் பெயரைப் போட வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ளலாம். எச்.ஐ.வி. இருப்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிற வழிகாட்டி நெறிமுறையை 2001-லேயே அரசாங்கத்தின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா வெளியிட்டிருக்கிறது. அது சட்டம் அல்ல, வழிகாட்டிதான். ஆனாலும், சங்கத்தில் பேசும்போது கையில் வைத்துக் கொள்ளத் தக்கது.

விழுங்குவதற்குக் கூலி என்ன?

இவ்வளவு தொல்லையையும் தாங்கி மாத்திரை விழுங்கினால் என்ன கிடைக்கும்? இதற்குப் பதில் நம் தாய்த்தமிழகத்திலிருந்தும் வந்திருக்கிறது.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்தார்கள். நோயாளிகளைத் தொடவே பலர் அஞ்சிய காலம் அது. 1993-இல் சுனிதி சாலமன் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிலையத்தைத் தொடங்கினார். 2015-இல் அவர் காலமாகும் வரை அந்தப் பணியை விடவில்லை.

ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் அந்தச் சென்னை நிலையமும் பங்கு கொண்டது. தம்பதியரில் ஒருவருக்குக் கிருமி உண்டு, மற்றவருக்கு இல்லை. கிருமி உள்ளவர் காலம் தாழ்த்தாமல் மருந்து எடுத்தால், துணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைகிறது என்று 2011-இல் முடிவு வெளியானது. பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து, உடலுறவு வழியாக அவர் துணைக்கு ஒரு முறைகூடப் பரவவில்லை.

பிள்ளைகளுக்கும் இதே நன்மைதான். 1998 முதல் நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்து வருகிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்தக் கிருமி போவதை ஒழித்து விட்ட நாடு என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு நம் நாடுதான். கிளினிக்குக்குத் தவறாமல் போய் மாத்திரை விழுங்கிய தாய்மார்களுக்கும் அந்தப் பெருமையில் பங்குண்டு.

ஆகவே, ஒருவர் விழுங்கும் மாத்திரை அவரை மட்டும் காப்பதில்லை. அவருடைய மனைவியையோ கணவனையோ காக்கிறது. பிறக்கப் போகும் பிள்ளையைக் காக்கிறது.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. சேர்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே தட்டு, ஒரே கோப்பையைப் புழங்குவதாலோ, கட்டி அணைப்பதாலோ இந்த நோய் ஒட்டாது. தனித் தட்டு வைத்தால் அவர் மாத்திரையையும் தனியாகத்தான் ஒளித்து வைப்பார். ஒளித்து வைக்கும் மாத்திரை ஒரு நாள் மறந்து போகும். "மாத்திர போட்டியாய்யா?" என்று அம்மா கேட்கும் வீட்டில் அது மறப்பதில்லை.

விருந்து மூன்று நாளோடு முடியட்டும். இந்த மருந்து தினமும் தொடரட்டும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் வாயைத் திறந்து கேட்போம். மாற்றித் தரும் வரை கேட்போம். உரிமையைக் கேட்டு வாங்கிப் பழகிய பாட்டாளிக்கு, நல்ல உடம்பைக் கேட்டு வாங்குவதற்கு என்ன தயக்கம்?